வழியெல்லாம் பங்க்

"காரிமங்கலத்துலயே டேங்க் ஃபுல் பண்ணிட்டுத்தான் கிளம்பறோம். அப்புறம் கிருஷ்ணகிரியில எதுக்கு பங்க்?"

கருப்பண்ணன் கேட்ட கேள்விக்கு வேன்காரர் கவுஸ் பாஷா தலையைச் சொறிந்தார்.

"கொஞ்சம் டீசல் ஊத்திக்கலாங்க சார்."

"சரி, ஓசூர்ல?"

"அங்கயும் கொஞ்சம்."

"தேவனஹள்ளி?"

"ஆமாங்க."

ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் வேனில் காசிக்குப் போவதாக ஏற்பாடு. அடுப்பு, பாத்திரம், பாய் எல்லாம் வண்டியிலேயே. எங்கே டீசல், எந்த ஊரில் ராத்தங்கல் என்று பேசத்தான் கருப்பண்ணன் வீட்டில் கூடியிருந்தார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர் அவர். யார் எதில் கை வைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் மனுஷனுக்கு அப்படி ஒரு ருசி.

"முதல் நாள் எங்க தங்கறோம்?"

"அனந்தப்பூருங்க. பங்க் பக்கத்துலயே லாட்ஜ் இருக்குது. உங்களுக்குக் கீழ் ரூமாவே வாங்கித் தரேன்."

"அங்க சாயங்காலமே போயிருவமே! இன்னும் கொஞ்சம் ஓட்டுனா கர்னூல்."

"வேணாங்க சார், அனந்தப்பூரே போதும்."

கருப்பண்ணனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. பங்க்குக்கு பங்க் கமிஷன், லாட்ஜிலும் கமிஷன். பயணம் நீண்டால் பேட்டாவும் நீளும். பலே திட்டம்தான்!

"மறைக்காம சொல்லுங்க பாய். கமிஷன் எவ்வளவு?"

"அல்லா மேல ஆணையா அப்படி இல்லீங்க."

"அப்ப எதுக்கு இத்தனை நிறுத்தம்?"

பாஷா வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, "வண்டியும் கொஞ்சம் மூச்சு வுடணுங்களே" என்று முடித்துக்கொண்டார்.

கூட்டம் சிரித்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஆள் சிக்கிவிட்டான் என்று கருப்பண்ணனுக்கு ஒரே குஷி.

காபி கொண்டுவந்த மனைவி காவேரி, "வுடுங்களேன், அவரு சொன்னபடியே போலாம்" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நீ உள்ள போ."

"இந்த டிரிப்ப நம்பி ரெண்டு கல்யாண வாடகைய வேணாம்னுட்டேங்க சார்" என்றார் பாஷா.

"அதுக்கு எங்க தலையில மொளகா அரைப்பீங்களா?"

மொரப்பூரில் தன் மச்சானிடம் வேன் இருப்பதாகச் சொன்னார் கூட்டத்தில் இருந்த முனியப்பன். எங்கேயும் நிற்காமல் பறக்குமாம். அங்கேயே போன் போட்டுப் பேசி முடித்தார்கள். பாஷா, "வரேங்க" என்று எழுந்து போய்விட்டார்.

எல்லோரும் கலைந்ததும் கருப்பண்ணன் மீசையை நீவினார். "பாத்தியா? இதுவரைக்கும் எத்தனை பேர ஏமாத்துனாரோ!"

காவேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"போன வருசம் திருப்பதி போறப்ப நீங்க தூக்கத்துல சீட்ட நனைச்சுட்டீங்க. வாட்டர் பாட்டில் கவுந்துருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு அவருதான் கழுவுனாரு. நீங்களும் அத நம்பிட்டீங்க. சுகர் வந்ததுல இருந்து உங்களுக்கு மணிக்கொரு தடவை போகணும், வண்டிய நிறுத்தச் சொல்லவும் கூச்சப்படுவீங்க. அதான் இந்தத் தடவ அவருகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன்."

மீசையிலிருந்த கருப்பண்ணனின் கை கீழே இறங்கியது.

"'சாருக்காக நிறுத்தறேன்னு தெரிஞ்சா அவருக்கு மானக்கேடுக்கா. டீசலுக்குன்னு சொல்லிக்கறேன், கெட்ட பேரு என்னோட போவட்டும்'னாருங்க."