வெட்டியது போக மிச்சம்

மிசிசிப்பியின் அந்தச் சிற்றூர்த் திரையரங்கில் கறுப்பர்களுக்கு மாடி மட்டும்தான். பிற்பகல் வெயிலில் தகரக் கூரை காய்ந்து, மாடி அடுப்பாகக் கொதிக்கிறது. முன்வரிசையில் எர்னஸ்டீன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வங்கிக் கொள்ளையர் மூவரில் ஒருவனாக அவள் தம்பி லூஷியஸ் நடித்த படம் இது. கறுப்பரை இளக்காரமாகப் 'பையன்' என்றழைக்கும் வெள்ளைக்காரக் கூட்டாளியின் சட்டையைப் பிடித்து, "பையன்னு கூப்பிடாதே, எனக்குப் பேர் இருக்கு" என்று அவன் அதட்டும் கட்டத்தை ஊரெல்லாம் சொல்லி, தெருவையே கூட்டி வந்திருக்கிறாள். திரையில் ஒரு கார் வந்து நிற்கிறது. ஓட்டுபவன் முகம் தெரியுமுன் படம் வெடுக்கென்று தாவுகிறது. கொள்ளையர்கள் தாங்கள் மூன்று பேர் என்று பேசிக்கொள்கிறார்கள், மேசையைச் சுற்றி இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அவள் சொன்ன கட்டம் வரவேயில்லை.

"எங்கடி உன் தம்பி?" பக்கத்து வீட்டு ஹேட்டி காதோரம் கேட்கிறாள்.

"வெட்டிட்டாங்கக்கா. நம்ம ஆளு அவங்கள எதுத்துப் பேசுறத இந்த ஊர்ல காட்டுவாங்களா?"

கடைசியில் வங்கி வாசலில் துப்பாக்கி வெடிக்கிறது. குப்புறக் கிடக்கும் ஓர் உடலைப் போலீஸ்காரன் பூட்ஸ் காலால் புரட்டுகிறான். லூஷியஸ்தான். திறந்த கண்களில் கார் விளக்கின் வெளிச்சம் விழுகிறது. இந்தக் காட்சியில் மட்டும் ஒரு தாவலும் இல்லை; திரை நிறைய, நிதானமாக, அவன் செத்துக் கிடக்கிறான். கீழே வெள்ளையர் கைதட்டுகிறார்கள். மாடியில் ஒருவரும் அசையவில்லை. எர்னஸ்டீன் இமைக்காமல் பார்த்துக்கொண்டேயிருக்கிறாள். ஹேட்டி அவள் கையைப் பற்றிக்கொண்டு மெல்லச் சொல்கிறாள்: "நல்லா நடிச்சிருக்கான்டி."