சுவருக்கு வாசித்த கட்டளை

சண்டை போட்ட நாட்களில் தேன்மொழியும் அவள் கணவன் ராஜவேலும் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம்தான் சொல்வார்கள். இந்தச் சண்டையின் நான்காம் நாள் காலை, அவளுடைய லினக்ஸ் மடிக்கணினியில் கிராபிக்ஸ் கார்டு கம்பெனியின் டிரைவர் மென்பொருளைப் போட்டதும் திரை கறுத்துவிட்டது. “யாருக்காவது இதைச் சரிபண்ணத் தெரியுமா?” என்று சுவரைக் கேட்டாள். “லினக்ஸோட வந்த டிரைவரே போதும்னு அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டா?” என்றான் அவனும் அதே சுவரிடம். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னான். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. புது டிரைவரை நீக்கும் கட்டளையை போனைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சுவருக்கு வாசித்தான், அவள் தட்டினாள். தட்டியபோதெல்லாம் கணினி பிழை என்றது. “தேனு, ரெண்டாவது எழுத்தை விட்டுட்டே பாரு.” அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது, சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவள் அந்த எழுத்தைச் சேர்த்தாள். கணினி அணைந்து திரும்பக் கிளம்பும் இடைவெளியில், கறுத்த திரையில் இரண்டு முகங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன. பிறகு வெளிச்சம் வந்தது. அவன் எழுந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: “அந்த டிரைவரை இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமாங்க?” அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டான்.