சீல் உடைக்காத பேட்டரி

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டுக்குப் போகும்முன் பரணிதரன் பேட்டரியில் புகையும் தன் வேப் சிகரெட்டைக் கம்பெனி கேட்டில் டோக்கன் போட்டுக் கொடுத்துவிடுவான். திரும்ப வாங்கும்போது பேட்டரி காலியாகியிருக்கும். வாய் வைக்கும் முனையில் எவனுடைய வெற்றிலை எச்சிலோ ஊறியிருக்கும்.

இது கேட் வாட்ச்மேனின் வேலைதான் என்று நினைத்து, இன்று பேட்டரியை மட்டும் கழற்றி, அறையிலேயே சார்ஜரில் மாட்டிப் பூட்டிவிட்டு வந்தான். சாயங்காலம் கேட்டில் திரும்ப வாங்கியபோது முனை காய்ந்திருந்தது. அறைக்குப் போனால் சார்ஜர் பூஜ்யம் காட்டியது. பேட்டரி எச்சிலில் வழுவழுத்தது.

அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டு, வாங்கிய பஜார் கடைக்கே போனான்.

"செகண்ட்ஸ் வோணாண்ணா. சீல் ஒடைக்காததா பேட்டரியும் சார்ஜரும் குடு."

கடைக்காரர் அந்தோணி அவன் கண்ணெதிரே புது பாக்கெட்டைக் கிழித்தார். பேட்டரியோடு சிவப்பாக ஓர் எச்சில் நூல் இழுத்துக்கொண்டு வந்தது.

அவர் அதைப் பேன்ட்டில் துடைத்து நீட்டினார்.

"பயப்படாத நைனா. எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டுதான் அனுப்புறாங்கோ."