மூணு சிரிப்புப் பொம்மை

மகளின் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்திருந்தேன். நூல் ஊசிக்குள் போவேனா என்று அடம்பிடித்தது. அந்த நேரம் பார்த்து போன் ‘டிங்’ என்றது.

பள்ளி வேன் குரூப். வேன்காரர் நம்பரிலிருந்து இங்கிலீஷில் இரண்டு வரி.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். இங்கிலீஷில் எழுத்துக் கூட்டுவேன்; அர்த்தம் பாதிதான் பிடிபடும். அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். குரூப்பில் மற்றவர்கள் கும்பிட்டால் நானும் ஒரு கும்பிடு. சிரித்தால் நானும் ஒரு சிரிப்பு.

அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்புப் பொம்மையைத் தட்டினேன். கையில் ஊசி இருந்ததால் விரல் வழுக்கி, மூணு விழுந்துவிட்டது.

அஞ்சு நிமிஷத்தில் மேல் வீட்டு அக்கா படியிறங்கி வந்துவிட்டார். அவருக்குத் தெரியாமல் நாங்கள் வைத்த பேர் ‘ஸ்பெல்லிங் அக்கா’. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, லிஃப்ட்டில் ஒட்டுகிற நோட்டீஸ், எதில் தப்பு இருந்தாலும் அவர் கண்ணில் மண் தூவ முடியாது. குரூப்பில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டவரும் அவர்தான்.

“பார்த்தியாம்மா? ‘டயர் செத்துப்போச்சு. நாங்க ரொம்பச் சந்தோஷமா இருக்கோம்’னு அனுப்பியிருக்கான் அந்த ஆளு. அதுலயும் டயருக்கு ஸ்பெல்லிங் தப்பு!”

எனக்கு இப்போது நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதே. போன வாரம் என்ன எழுதினான் தெரியுமா? ‘பிள்ளைங்க எல்லாம் முடிஞ்சுட்டாங்க.’ இறக்கிவிட்டாச்சுன்னு சொல்ற லட்சணம்! எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.”

“நல்ல மனுஷருக்கா அவரு...”

“நல்லவரா இருந்தா வீட்ல இருக்கட்டும். இதைப் பார்த்துப் பார்த்து நம்ம பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும். நான் வேற வேன் பேசிட்டேன். இன்னைக்கே முகத்துக்கு நேரா சொல்லிடப்போறேன். நீயும் கீழே வா. நாலு பேர் நின்னாத்தான் பேச்சுக்கு மரியாதை.”

கைக்குழந்தையோடு நான் இறங்கி வரும்வரை ஹாரன்கூட அடிக்காமல் நிற்கிறவர் இந்த வேன்காரர். வேறு வேன் நிற்குமா? அக்கா முன்னால் என் நாக்கு எப்போதுமே ஒட்டிக்கொள்ளும். சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முக்கால் மணி நேரம் தாமதமாக வேன் வந்தது. இறங்கிய வேன்காரரின் கையெல்லாம் கரி.

அக்கா போனை எடுத்து, பழையது புதியது எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். மற்ற அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“டயர் போனா உங்களுக்குச் சந்தோஷமா?”

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதாம்மா. இனிமே பார்த்து அனுப்பறேன்.”

“எத்தனை தடவை இதே பாட்டு? பிள்ளைங்க ‘முடிஞ்சுட்டாங்க’ன்னு எழுத யாரு உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தா?”

“நீதாம்மா.”

வேனுக்குள்ளிருந்து வந்த குரல். அக்காவின் மகன்.

“சும்மா இரு தம்பி” என்றார் வேன்காரர் அவசரமாக.

பையன் விடவில்லை. “போன வாரம் முன் சீட்டு எனக்கு. அதை நான்தான் எழுதினேன். மாமாவுக்கு இங்கிலீஷே தெரியாதும்மா. வண்டி ஓட்டறப்போ போனையும் தொட மாட்டாரு. முன் சீட்டுல யாரோ அவங்கதான் எழுதணும். வாரத்துக்கு ஒருத்தர்.”

சிரித்தவர்கள் ஆளாளுக்குப் போனைத் தடவி, எந்த வாரம் தன் பிள்ளைக்கு முன் சீட்டு என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பிள்ளைங்க பயந்துக்கும்மா. நாளைக்கு ஒண்ணும் எழுதாது. இப்பதான் அடிச்சுப் பிடிச்சு ஆசையா எழுதுதுங்க. சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன்.”

அக்கா வேறு வேன் பேச்சையே எடுக்கவில்லை. மகனின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். “நாளைக்கும் அதே நேரம்தானே அண்ணே?”

அண்ணேயாம்! நான் காதைத் தேய்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் முன் கதவு திறந்தது. குதித்து இறங்கியது என் மகள்.

படியேறும்போது வாய் ஓயவில்லை அவளுக்கு. “டயர் மாத்தற வரைக்கும் மாமா எங்களைப் பார்க்ல விளையாட விட்டாரும்மா. செம ஜாலி!”

“அதான் சந்தோஷம்னு எழுதினியா?”

“ஆமா.” பாதிப் படியில் நின்றாள். யாருக்கும் கேட்காமல் என் காதில் வந்து சொன்னாள். “எல்லாரும் ஒரு பொம்மைதான் போட்டாங்க. நீ மட்டும் மூணு போட்டிருந்தே. அவ்வளவு நல்லாவாம்மா எழுதியிருந்தேன்?”

அப்படியே படியில் உட்கார்ந்து, அவளைக் கிட்டே இழுத்து நான் சொன்ன பதில் என்னவென்றால்... இருங்கள், இப்போது மகள் உள்ளேயிருந்து கத்துகிறாள். தம்பி ஊசி டப்பாவைத் திறந்துவிட்டானாம். இதோ வந்துட்டேன்டி! நான் சொன்னது இவ்வளவுதான்: “தங்கம், அந்த மூணும் உனக்குத்தான்.”