கட்டில் காலுக்குக் கீழே

"மாத்திரையோட ஒரு தாள் இருக்குமே, படிக்கலையா? ஒங்க ஒடம்ப நீங்கதானே பாத்துக்கணும்?" என்று டாக்டரம்மா கேட்டது வீடு வரும்வரை அமுதவல்லியின் காதிலேயே நின்றது. மூன்று வருஷமாகக் கருத்தடை மாத்திரையை வாங்கிவந்து, அட்டையை மட்டும் அவள் கையில் கொடுப்பவன் கணவன் கதிரேசன். தலைவலி, கால்வீக்கம் என்றபோதெல்லாம் "வெயில்ல அலையாத" என்றவனும் அவன்தான். பெருக்கக் குனிந்தவள், ஆடும் கட்டிலின் காலுக்கு அண்டக்கொடுத்திருந்த தாள்கத்தையைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே மாத்திரையின் பெயர்.

கட்டிலில் படுத்திருந்தவன், "படிச்சா பயந்துருவன்னுதான்..." என்று இழுத்தான்.

பலங்கொண்ட மட்டும் உருவினாள். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. தரையில் உட்கார்ந்து, ஒரு தாளைப் பிரித்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"கட்டில் ஆடுதுடி."

"ஆடட்டும். நான் இன்னும் தலைவலியவே தாண்டல."