பழைய சூடு

பள்ளி ஆய்வக அலமாரியில் பழைய செம்புக் கலோரிமீட்டரும் புது ஜூல் மீட்டரும் அருகருகே இருந்தன.

"ஒரு கிராம் தண்ணியில ஒரு டிகிரி சூடு ஏறினா ஒரு கலோரி. அப்பல்லாம் பிள்ளைங்க என் வயித்துல தண்ணி ஊத்திக் கலக்கி, ஏறுதா ஏறுதான்னு ஆசையாப் பாப்பாங்க. இப்போ எல்லாத்துக்கும் உன் ஜூல்தான். கலோரியை யாரு நினைக்கிறாங்க?" என்று பெருமூச்சு விட்டது கலோரிமீட்டர்.

அப்போது உள்ளே வந்த செண்பகவல்லி டீச்சர், கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். "அய்யய்யோ, இவ்வளவு கலோரியா!" என்று அதைப் பிரிக்காமலே மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

"கலோரின்னதும் ஏண்ணே இப்படிப் பயந்து ஓடுறாங்க?" என்றது ஜூல் மீட்டர்.

கலோரிமீட்டரின் முகம் மலர்ந்தது. "அந்தக் காலத்துச் சூடாச்சே தம்பி! இவங்களுக்குத் தாங்குமா?"