கலைவாணன் தட்டி வைத்தது

“எம்புள்ளயக் கொண்டாந்திருக்கேன் தம்பி” என்று மஞ்சள் துணிமூட்டை ஒன்றை மேசைமேல் வைத்தாள் அஞ்சலாட்சி. “முப்பத்தஞ்சு வருஷமா பீரோவுலதான் இருக்கான்.”

ரிமோட் வாங்க வந்திருந்தவர் மிரண்டு ஓர் அடி பின்னால் போனார். துணியைப் பிரித்தால், உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்.

ஆனந்தராஜ் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துப் பெட்டிகளை ரிப்பேர் பார்க்கிற பாவப்பட்டவன் ஊருக்கு ஒருத்தன்தான் இருப்பான். முதலியார்பேட்டையில் அது இவன். போன மாதம் அவள் வைத்திக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் ஏற்றிவந்த கம்ப்யூட்டரோடு இத்தனை நாளும் மல்லுக்கட்டியிருந்தான்.

கம்ப்யூட்டர் என்றால் வெறும் கீபோர்டுதான், டிவியில் சொருகிக்கொள்ள வேண்டும். பட்டை ஒயரில் தனியாகத் தொங்குகிற பெட்டிதான் ஃப்ளாப்பி டிரைவ். அதற்குள் இருந்த ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. அளவாக ஒன்று தேடி மாட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. டிஸ்க்கை மட்டும் கடையில் விட்டுப்போக அவளுக்கு மனசு வரவில்லை. இன்றைக்குத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

“பிரான்ஸுல பட்டாளத்துல இருந்த கொழுந்தனாரு அனுப்புன பொட்டி. எனக்கு நாலு கொழுந்தனுங்க. அவங்க மடியிலதான் எம்புள்ள கலைவாணன் வளந்தான்.”

“இதுல என்னம்மா எழுதியிருக்காரு?”

“அது தெரியத்தான வந்திருக்கேன்? படிச்சது போதும், படகுக்குப் போடான்னு திட்டிட்டேன். அன்னிக்குப் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இதுலயே தட்டிக்கிட்டு கெடந்தான். மறுநாள் விடியக்காத்தால, ‘அண்ணி, எழுதி வெச்சிருக்கேன், வந்து காட்டறேன்’னு வாசல்ல அவன் சத்தம் கேட்டுச்சு. நான் எழுந்து வர்றதுக்குள்ள போயிட்டான். படகு வந்துச்சு, அவன் வரல.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எம்மேல கோவமாப் போனானா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லு தம்பி. அது போதும் எனக்கு.”

ஆனந்தராஜ் டிஸ்க்கின் மூடியை விரலால் தள்ளினான். உள்ளே இருந்த கறுப்புத் தகட்டில் காய்ந்துபோன சந்தனம், அதன்மேல் குங்குமம், அப்பி அப்பி இருந்தது.

“என்னம்மா இது?”

“வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வெப்பேன். மேல வெச்சா வெறும் ஓட்டு மேலதான இருக்கும்? எழுத்து உள்ளதான் இருக்குன்னாங்க. அதான் மூடிய நவுத்தி உள்ளயே வெச்சிட்டேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்துப் பார்த்தான். பொட்டோடு சேர்ந்து, எழுத்து பதிந்திருந்த கறுப்புப் பூச்சும் உரிந்து வந்தது. இனி என்ன இருக்கிறது என்று தெரிந்தும், டிரைவுக்குள் தள்ளினான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கர்ரக், கர்ரக் என்று இரண்டு தரம் இழுத்துவிட்டு நின்றது. டிவியில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி: படிக்க முடியவில்லை, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா, விட்டுவிடவா?

மறுபடி பார்த்தான். எட்டு தரம் பார்த்தான். அதே வரிதான்.

“எழுத்து வந்துடுச்சா தம்பி?” இங்கிலீஷ் தெரியாத அவள், அந்த ஒற்றை வரியைத்தான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கையாலேயே அழித்துவிட்டாயே தாயே என்று எந்த வாயால் சொல்வது?

“வந்துடுச்சும்மா. தமிழத்தான் இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்காரு” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே படித்தான். “‘அம்மா, உம்மேல எனக்குக் கோவமே இல்லம்மா. என் நல்லதுக்குத்தான சொன்ன. சாயந்தரம் வந்து மீன்கொழம்பு சாப்புடறேன். அழாதம்மா.’”

அஞ்சலாட்சி டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். “இன்னொரு வாட்டி படி” என்றாள்.

ஒரு வார்த்தை மாறாமல் படித்தான்.

அவள் எழுந்தாள். மஞ்சள் துணியை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

“அம்மா! டிஸ்க்க விட்டுட்டுப் போறீங்களே!”

திரும்பி நின்று அவனையே பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை.

“நீ நல்லாருக்கணும் தம்பி. ஆனா எம்புள்ள ஒரு நாளும் என்னய அம்மான்னு கூப்புட்டதில்ல. கொழுந்தனுங்களப் பாத்து பழகி, அவனுக்கும் நான் அண்ணிதான்.”